வாலில்லாத சொற்கள்

இஸ்திரி உருளைகள் சுற்ற ஆரம்பித்துவிட்டால் அந்தச் சலவை ஆலையில் தொண்டைக்கு வேலை இல்லை. காது அடைத்துவிடும். பெண்கள் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். புதிதாக வருகிறவள் கொஞ்ச நாள் பேய் முழி முழிப்பாள். அப்புறம் அவளும் அந்தக் கோடியில் யார் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதை இந்தக் கோடியில் நின்றே படித்துவிடுவாள். வீட்டில் புருஷன் வாய்க்குள்ளே போட்டு மெல்லுகிற வசவுகூட இவர்களிடம் தப்பாது.

பெரியவள் அதில் பழம் தின்று கொட்டை போட்டவள். உதடு அசைந்தால் போதும், அடுத்து என்ன வரப்போகிறது என்பதைச் சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளுக்கே, எதிரே நின்ற சின்னவள் என்ன சொல்கிறாள் என்று அன்றைக்குப் பிடிபடவில்லை. சின்னவளின் உதடு குவிந்தது, விரிந்தது, மறுபடி குவிந்தது. யாரிடமோ பேசுகிற வாய்தான். ஆனால் கண் பெரியவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே எங்கோ பார்த்தது.

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் மேற்பார்வையாளரின் கண்ணாடி அறை இருந்தது. நாலு பக்கமும் கண்ணாடி, உள்ளே ஒரு ஆள். வாயைத் திறந்து திறந்து மூடுவது மட்டும் வெளியே தெரியும். அதனால் அவருக்குப் பெண்கள் வைத்த பேர் தொட்டி மீன். முகத்துக்கு நேரே சார்.

சின்னவளுக்கும் அந்த அறைக்கும் ஏதோ பேச்சு ஓடுகிறது என்ற சந்தேகம் அந்த நிமிஷம் பெரியவளுக்குள் விழுந்தது.

இருவரும் ஓரகத்திகள். அண்ணன் பெண்டாட்டி பெரியவள், தம்பி பெண்டாட்டி சின்னவள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. பள்ளிக்கூடம் போகிற பாப்பா சின்னவளின் மகள். சின்னவளை ஆலையில் சேர்த்துவிட்டதே பெரியவள்தான். உருளையிலிருந்து சூடாக வெளியே வரும் படுக்கை விரிப்பை ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து, ஒரு உதறு உதறி, நடுவில் வந்து சேர்ந்து, மடித்து, பிரிந்து, மறுபடி வந்து சேர வேண்டும். இதை ஒரு ஆள் செய்ய முடியாது. ஜோடி போட்டுத்தான் செய்ய வேண்டும். ஜோடியில் ஒருத்தி போய்விட்டால் மிச்சமிருப்பவள் கீழே அழுக்குப் பிரிவுக்குப் போக வேண்டும். வேறு ஜோடி அமையும்வரை அங்கேதான். எங்கும் எழுதிப்போட்ட சட்டமில்லை. தொட்டி மீனின் வழக்கம். அழுக்குப் பிரிவுக்குத் தானாக யாரும் போகமாட்டார்கள் என்பதால் அவர் கண்டுபிடித்த வழி.

பெரியவள் அங்கே ஒரு தடவை போய் வந்தவள். அவளுடைய பழைய ஜோடி கல்யாணமாகிப் போனபோது கீழே இறக்கினார்கள். இரண்டு வருஷம். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் மூட்டைகளைப் பிரித்து, ரத்தம் தனி, சீழ் தனி, வாந்தி தனி என்று கையால் ஒதுக்குகிற வேலை. வெளுப்பு மருந்தின் நெடியில் கண் எரிந்து, விரல் தோல் உரிந்து, சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். ஒரு நாள் துணிக்குள் கிடந்த ஊசி உள்ளங்கையில் ஏறிவிட்டது. ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை புருஷனைக்கூடத் தொடவிடவில்லை. முடிவு நல்லபடியாக வந்தது. ஆனால் அந்தப் படிக்கட்டில் மறுபடி இறங்குவதற்குப் பதில் செத்துப்போகலாம் என்று அவள் மனதில் எழுதி வைத்துவிட்டாள்.

அதனால்தான் சின்னவளின் உதடு அவளுக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

சில நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். சின்னவள் தண்ணீர் குடிக்கப் போகும்போது பின்னாலேயே போனாள். கழிவறைக் கதவுக்கு வெளியே காது வைத்தாள். உள்ளே பேச்சு கேட்டது. ஒரு ஆள் குரல்தான், பதில் குரல் இல்லை. சாப்பாட்டு நேரத்தில் சின்னவள் இடுப்பிலிருந்து ஒரு துணிக் கிழிசலை எடுத்துப் பார்த்துவிட்டுச் செருகினாள். பெரியவள் கை நீட்டி உருவிவிட்டாள்.

கழித்துப் போட்ட விரிப்பில் கிழித்த துண்டு. அதில் ஆலையில் துணிக்குக் குறி போடும் பேனாவால் இங்கிலீஷ் எழுத்துக்கள் மூன்று மூன்று சொல்லாக இறங்கின.

"என்னடி இது?"

"இங்கிலீஷ் வினைச்சொல்லுதான்க்கா. பாப்பாவோட பழைய புக்குலேர்ந்து எழுதினேன். நிகழ்காலம், இறந்தகாலம், அப்புறம் மூணாவதா ஒண்ணு."

"எதுக்கு?"

"சும்மாதான்."

இந்தச் சும்மாதான் பெரியவளைக் கொன்றது. நாள் முழுக்கக் கொதிக்கிற துணியைப் பிடிக்கிறவள், வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கிறவள், சும்மா எதையாவது செய்வாளா? சும்மா உட்காரவே நேரமில்லை. சும்மா இங்கிலீஷ் படிக்கிறாளாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரயில் இதைக் கேட்டுச் சிரித்தாள். வாயைத் திறந்தால் எந்த ஸ்டேஷனிலும் நிற்காதவள் என்பதால் அவளுக்கு ரயில் என்று பேர். "வெள்ளைக்காரன் வீட்டுக்கு மருமகளாப் போறா போல, நம்மள எல்லாம் கூப்பிடு தாயி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள். பெரியவள் மட்டும் அந்தச் சிரிப்பு கண்வரை போகவில்லை என்பதைக் குறித்துக்கொண்டாள்.

வீட்டில் புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் லோடு வண்டி ஓட்டுகிறவன், படுத்தால் மரக்கட்டை. படிச்சா படிக்கட்டுமே, உனக்கென்ன என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். ஆம்பிளைகளுக்கு வீட்டில் தீப்பிடித்தாலும் புகை மூக்குக்குள் போன பிறகுதான் தெரியும் என்று அவள் தலையணையிடம் சொன்னாள்.

மறுநாள் கண்ணாடி அறைக்குள் போனாள். ஓரகத்தியைப் போட்டுக்கொடுக்கிறோம் என்ற உறுத்தல் கதவு வரைக்கும் இருந்தது, உள்ளே போனதும் இல்லை. வேலை நேரத்தில் சின்னவள் வாய் வேறெங்கோ இருக்கிறது, மூலை சரியாகச் சேரவில்லை, வேறு ஜோடி போட்டுக் கொடுங்கள் என்றாள். மூலை சரியாகத்தான் சேர்ந்தது. அது பொய்.

தொட்டி மீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யோசிப்பது மாதிரி கொஞ்ச நேரம் துடைத்தார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார். பெரிய ஓட்டல் ஒன்று தன் துணிகளை இங்கே அனுப்பப் போகிறதாம். அவர்களோடு இங்கிலீஷில் பேசிச் சரிபார்த்துக் கொடுக்க இங்கேயிருந்தே ஒரு பெண் வேண்டுமாம். கதவுக்குள்ளே குளுகுளு அறையில் வேலை. ஓட்டல் அம்மா வந்து பேசிப் பார்த்து எடுத்துக்கொள்வார்களாம்.

"நீயும் கத்துக்கோம்மா. ரெண்டு பேர்ல யார் நல்லாப் பேசறாங்களோ அவங்களுக்கு. உங்கிட்ட மட்டும்தான் சொல்றேன். அவகிட்ட மூச்சு விடாத."

வெளியே வந்தபோது பெரியவளுக்கு எல்லாம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. அப்படியானால் சங்கதி இதுதான். சின்னவளுக்கு எப்படியோ மூக்கில் வேர்த்திருக்கிறது. வேலையை வாங்கிக்கொண்டு ஏறிப்போவாள். ஜோடி உடையும். மிச்சமிருக்கிற மூதேவி கீழே இறங்குவாள். கூட்டிக்கொண்டு வந்து சேர்த்துவிட்டவளுக்கு நல்ல சீர்.

அன்று சாயங்காலம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "ஏன்டி, எனக்கும் அதைச் சொல்லித் தர்றியா? சும்மாதான்."

சின்னவள் கத்தியை நிறுத்தினாள். நிமிர்ந்து பெரியவள் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். "உங்களுக்கு எதுக்குக்கா?" என்றவள், உடனே அந்தக் கேள்வியை விழுங்கிவிட்டு, "சரிக்கா" என்றாள்.

இப்படித்தான் பாடம் ஆரம்பமானது. ஆலைக்கு நடக்கும்போது, அடுப்படியில், துணி காயப்போடும்போது. ஒருத்தி சொல்லிக்கொடுப்பது வேவு பார்க்க. இன்னொருத்தி கற்றுக்கொள்வதும் வேவு பார்க்க. புருஷன்மார்கள் இருவரும் ஓரகத்திகள் இவ்வளவு ஒற்றுமையாக இருப்பதைப் பார்த்து ஊர்க்கண் பட்டுவிடும் என்று பயந்தார்கள்.

முதலில் பெரியவளுக்கு அந்தச் சொற்களின் மேலேயே சந்தேகம். நம் பேச்சில் வந்தான் என்றால் ஆம்பிளை, வந்தாள் என்றால் பொம்பளை, வந்தார் என்றால் மரியாதைப்பட்ட ஆள், வந்தது என்றால் மாடோ வண்டியோ. யார் வந்தது என்பதைச் சொல்லின் வாலே காட்டிக்கொடுத்துவிடும். இதுகளுக்கு வாலே இல்லை. கேம் என்றால் கேம்தான். கடவுள் வந்தாலும் கேம், கடன்காரன் வந்தாலும் கேம். ஆளைப் பிடித்து முன்னால் நிறுத்தாவிட்டால் யார் செய்த வேலை என்றே தெரியாது. செய்தவனை மறைத்துவிட்டு வேலையை மட்டும் காட்டுகிற பாஷை என்று அவளுக்குப் பட்டது. ஆலையில் விரிப்பு கருகினால் எல்லாரும் அப்படித்தானே சொல்கிறார்கள். கருகிவிட்டது. யார் கருக்கினாள் என்று கேட்டால் மட்டும் ஆள் கிடையாது.

"கோ இருக்குல்ல, அது நேத்துக்குப் போனா வென்ட்" என்றாள் சின்னவள்.

"கோவுக்கும் வென்ட்டுக்கும் என்னடி சம்பந்தம்? முகமும் இல்ல, சாயலும் இல்ல."

"அது அப்படித்தான்க்கா. மனப்பாடம்தான்."

பெரியவள் நம்பவில்லை. கூட ஒரு எழுத்தைச் சேர்த்து நேர்மையாக நேற்றுக்குப் போகிற சொற்கள் இருந்தன. வாஷ், வாஷ்ட். குக், குக்ட். இதெல்லாம் நம்மாட்கள் என்றாள். கோ மாதிரியானவை ராத்திரி போய் மீசை எடுத்துவிட்டு வேறு பேரில் திரும்பி வருகிறவை. புட் என்று ஒன்று இருந்தது. இன்றைக்கும் புட், நேற்றைக்கும் புட். கட் என்பதும் அப்படியே. எதுவும் நடக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருப்பதுதான் பெரிய கேடி என்று சொல்லிவிட்டு, பேச்சுவாக்கில் சின்னவள் முகத்தைப் பார்த்தாள். சின்னவள் தேங்காய்த் துருவலில் கண்ணாக இருந்தாள்.

ஆனால் கேள்வி கேட்கிற பாடம் வந்தபோது பெரியவளுக்கே ருசி பிடித்துவிட்டது. டிட் என்று ஒன்று முன்னால் வந்துவிட்டால் பின்னால் வருகிற சொல் பழையபடி ஆகிவிடுகிறது. வென்ட் மறுபடி கோ ஆகிவிடுகிறது. டிட் யூ கோ? ஏன் இப்படி என்று சின்னவளை ஒரு வாரம் குடைந்தாள். புத்தகத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் என்றாள் அவள். பெரியவள் ஈரத்துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போகும்போது தானாகவே விளங்கியது. ஒருத்தி கூடையை வாங்கிக்கொண்டால் மற்றவள் கையை வீசிக்கொண்டு நடக்கலாம். நேற்று என்கிற பாரத்தை டிட் தூக்கிக்கொள்கிறது. அதனால் கோவுக்குத் தூக்க ஒன்றுமில்லை. இல்லை என்று சொல்லும்போதும் அப்படித்தான். இரண்டு பேரும் ஒரே பாரத்தைத் தூக்கினால்தான் தப்பு. இதைச் சொன்னபோது சின்னவள் உண்மையாகவே அசந்துபோனாள். அசந்த முகம் அடுத்த நொடியே சுருங்கியது. அந்தச் சுருக்கத்தைப் பெரியவள் பார்த்துவிட்டாள். பயம். இவளுக்குப் பயம் வந்துவிட்டது. நல்லது.

அதற்குப் பிறகு சின்னவள் மூன்றாவது சொற்களைச் சொல்லித்தரவில்லை. தலைவலி என்றாள். கிழிசல் தொலைந்துவிட்டது என்றாள். பெரியவள் அதைப் பற்றிப் பேசவேயில்லை. பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிற சாக்கில் வழியெல்லாம் அவளிடமே கேட்டுக் கற்றுக்கொண்டாள்.

ஓட்டல் அம்மா வந்தது ஒரு புதன்கிழமை. கண்ணாடி அறைக்குள் இரண்டு பேரையும் ஒன்றாகவே கூப்பிட்டார்கள். எதிரும் புதிருமாகக் கதவருகே நின்றபோதுதான் ஒருத்திக்கு வந்திருக்கிற அழைப்பு மற்றவளுக்கும் வந்திருக்கிறது என்பது வெளிப்படையாகத் தெரிந்தது. பெரியவள் ஒன்றும் தெரியாதவள் மாதிரி முந்தானையைச் சரிசெய்தாள். சின்னவளும் சரிசெய்தாள்.

ஓட்டல் அம்மா தன்மையான பெண். நாற்காலியில் உட்காரச் சொன்னார். அந்த அறையில் தொழிலாளிக்கு நாற்காலி என்பதே புதுசு. பேர், ஊர் எல்லாம் கேட்டுவிட்டு, நேற்று என்ன செய்தீர்கள் என்று நீங்களே ஒருவரை ஒருவர் இங்கிலீஷில் கேட்டுப் பேசுங்கள், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றார். தொட்டி மீன் மூலையில் நின்று தலையாட்டினார்.

பெரியவள் ஆரம்பித்தாள். "வாட் டிட் யூ டூ எஸ்டர்டே?"

சின்னவள் வேலைக்குப் போனதையும் சமைத்ததையும் துவைத்ததையும் சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். பிறகு அவள் கேட்க வேண்டிய முறை. பெரியவள் காத்திருக்கவில்லை. நாக்கு நுனியில் மாதக்கணக்காக உட்கார்ந்திருந்தது தானாக எழுந்து நடந்துவிட்டது.

"வொய் டிட் யூ நாட் டெல் மீ?"

சின்னவள் முகம் சிவந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பெரியவளை நீங்க என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். கோபம் வந்தால்கூட நீங்க போங்க வாங்க என்ற வேலிக்குள்ளேயே நின்று பொருமிவிட்டு அடுப்படியில் பாத்திரத்தை உருட்டுவாள். இங்கே வேலி இல்லை. எல்லாருக்கும் ஒரே யூ.

"யூ டிட் நாட் டெல் மீ" என்றாள் சின்னவள். "யூ கேம் டு லேர்ன். யூ லைட்." நீ பொய் சொன்னாய்.

அதன்பிறகு அந்த அறையில் நடந்தது சண்டை. ஆனால் குரல் உயராத சண்டை. இரண்டு பேருக்கும் அலங்காரமாகத் திட்ட இங்கிலீஷில் சொல் இல்லை. ஜாடை இல்லை, குத்தல் இல்லை, சுற்றி வளைக்க வழியில்லை. இருந்ததெல்லாம் செய்தாய், செய்யவில்லை, பார்த்தேன், மறைத்தாய் என்கிற மொட்டைச் சொற்கள். நான் உன்னை இங்கே கொண்டுவந்தேன் என்றாள் பெரியவள். நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்றாள் சின்னவள். நீ கிழிசலை ஒளித்தாய். நீ என் மகளிடம் கேட்டாய். ஓட்டல் அம்மா இதை நடிப்பு என்று நினைத்து ரசித்துக்கொண்டிருந்தார். வெரி குட் என்று நடுவில் சொல்லவும் செய்தார்.

"ஹூ டோல்ட் யூ?" என்று கேட்டாள் பெரியவள். இந்த வேலை இருப்பதை உனக்கு யார் சொன்னது?

சின்னவள் கண்ணை மட்டும் மூலைக்குத் திருப்பினாள். "ஹி டோல்ட் மீ. ஹி செட், டோன்ட் டெல் ஹர்."

பெரியவளுக்குச் சொல் புரிந்தது, அதற்குப் பின்னால் இருந்ததும் புரிந்தது.

"ஹி டோல்ட் மீ ஆல்சோ" என்றாள் மெதுவாக.

அவர் என்பதா அவன் என்பதா என்று யோசிக்கிற சிரமத்தைக்கூட அந்தப் பாஷை வைக்கவில்லை. இரண்டு தலையும் ஒரே நேரத்தில் மூலையைப் பார்த்துத் திரும்பின. தொட்டி மீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஓட்டல் அம்மா சின்னவளை எடுத்துக்கொண்டார். பெரியவள் பேச்சில் சோடை இல்லை, ஆனால் துணிச்சீட்டுகளை வாசிக்கவும் வேண்டுமே என்றார். பெரியவளுக்கு எண்கள் வரும், எழுத்துக்கள் வராது. திங்கட்கிழமையிலிருந்து வேலை. தொட்டி மீன் வாசல்வரை ஓட்டல் அம்மாவை அனுப்பிவிட்டுத் திரும்பும் வழியில், நின்றபடியே பெரியவளிடம், நாளை மத்தியானத்திலிருந்து கீழே போய்விடும்மா, அங்கே ஆள் பத்தவில்லை என்றார். தேநீருக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்பது மாதிரி சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு நடக்கும்போது தெருமுனையில் சின்னவளுக்கு மூச்சு வாங்கியது. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு உண்டு. பெரியவள் நடையைக் குறைக்கவில்லை.

"எங்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமாக்கா?" என்றாள் சின்னவள். "கீழ ஒரு ஆள் வேலையை விட்டு நின்னுட்டா, உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் இறக்கணும், வயசுல சின்னவ நீதான்னு மேல பேசிக்கிறாங்க, இங்கிலீஷ் கத்துக்கிட்டா தப்பிச்சுக்கலாம்னாரு. அந்த நெடியில நான் ஒரு நாள் தாங்கமாட்டேன்."

"நீ தப்பிச்சா நான் போகணும்னு தெரியுமா?"

"தெரியும்க்கா." கொஞ்சம் நடந்த பிறகு, "தெரிஞ்சுதான் செஞ்சேன்" என்றாள்.

பெரியவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானும் தெரிஞ்சுதான் செஞ்சேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. மூலை சேரவில்லை என்று போட்டுக்கொடுத்ததும் ஞாபகம் வந்தது. அதைச் சொல்லவில்லை. அவளுக்கு வேறு ஒன்று உறைத்துக்கொண்டிருந்தது. இத்தனை மாதமும் அவள் சந்தேகம் சரியாகத்தான் இருந்தது. ஆள்தான் தப்பு. பக்கத்தில் நிற்கிறவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் பின்னால் நிற்கிறவனைப் பார்க்காமல் விட்டிருக்கிறாள். நம்மிடம் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்று சொன்னவன் இன்னும் எத்தனை பேரிடம் கதவைச் சாத்தியிருப்பான்?

மறுநாள் காலைத் தேநீர் நேரத்தில் உருளைகள் நின்றன. காதுக்குள் ரீங்காரம் அடங்கும்வரை பெண்கள் வழக்கம்போல் பேசாமல் ஊதிக் குடித்தார்கள். பெரியவள் தன் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எல்லாருக்கும் ஒரு கேள்வி. அந்த ரூமுக்குள்ள உங்களைத் தனியாக் கூப்பிட்டு, யார்கிட்டயும் சொல்லாதன்னு உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

ரயில்கூட நின்றுவிட்டாள். அதுவே பாதி பதில் என்று பெரியவளுக்குத் தெரிந்தது. ஒருத்தி டம்ளருக்குள் பார்த்தாள். ஒருத்தி வேலை இருப்பதுபோல் எழுந்திருக்கப் பார்த்தாள். சின்னவள் தன்னிடம் சொன்னதைச் சொன்னாள். நேற்று தேர்வானதையும், அதற்கு என்ன விலை என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

மூலையில் பூனை உட்கார்ந்திருந்தாள். நடந்தால் சத்தமே வராதவள், யாரோடும் ஒட்டாதவள். அவள்தான் வாயைத் திறந்தாள்.

"யார் யார் மெதுவாச் செய்றாங்க, யார் என்ன பேசிக்கிறாங்கன்னு வாயைப் பாத்து வந்து சொல்லணும்னாரு. சொன்னா என்னைக் கீழ அனுப்பமாட்டேன்னாரு."

"சொன்னியா?" என்றாள் ரயில்.

"சொன்னேன்."

ரயில் எழுந்தாள். அடிக்கப் போகிறாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் அவள் அப்படியே உட்கார்ந்து, தன்னிடம் சொன்னதைக் கொட்டினாள். பெரியவளும் சின்னவளும் தலையணை உறை திருடுகிறார்கள், கண் வைத்துக்கொள் என்றாராம். இரண்டு மாதமாக இவர்கள் பையைத் தான் பார்த்துக்கொண்டிருந்ததாக ஒப்புக்கொண்டாள். அதன்பிறகு ஒவ்வொருத்தியாக அவிழ்த்தார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒன்று கொடுக்கப்பட்டிருந்தது. எல்லாமே இன்னொருத்தியைப் பற்றி. எல்லாவற்றின் கடைசியிலும் அந்தப் படிக்கட்டு இருந்தது.

"முறை வச்சுக்கலாம்" என்றாள் பெரியவள். "வாரத்துக்கு ஒரு ஆள் கீழ. எல்லாரும். யாரையும் யாரும் இறக்க வேண்டாம், நாமளே இறங்கி நாமளே ஏறுவோம். ஒரு வாரம் யாரும் செத்துட மாட்டாங்க."

முனகல்கள் எழுந்தன. நோயாளி மாமியார், கைக்குழந்தை, முட்டிவலி எல்லாம் வந்து போயின. பெரியவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இன்றைக்குத் தலையாட்டிவிட்டு நாளைக்குக் கண்ணாடிக் கதவைத் தட்டப் போகிறவர்கள் இரண்டு பேராவது இருப்பார்கள். யார் என்றும் அவளுக்கு ஓரளவு தெரியும். இருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது. தட்டப் போவது எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் தட்டுவது அவ்வளவு சுலபமில்லை.

மத்தியானம் தொட்டி மீன் வெளியே வந்தார். போகலாமா என்று பெரியவளைப் பார்த்துக் கேட்டார்.

"போவேன் சார். என் முறை வரட்டும்."

என்ன முறை என்றார் அவர். ரயில் விளக்க ஆரம்பித்தாள். அவளை அன்றைக்கு யாரும் நிறுத்தவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்தும் உருளைகள் சுற்றாமல் காய்ந்துகொண்டிருந்தன, துணி போடுவார் இல்லை. வெளியே ஆஸ்பத்திரி வண்டிக்காரன் ஒலிப்பானை அழுத்திக்கொண்டிருந்தான். தொட்டி மீன் ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். கடைசியில் பூனையைப் பார்த்தார். பூனை தரையைப் பார்த்தாள். கீழே ஒரு ஆள் இருந்தால் எனக்குப் போதும், எவளோ போங்கள், இதை நான் பிறகு பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

பிறகு பேசிக்கொள்வார் என்பதில் பெரியவளுக்குச் சந்தேகமில்லை.

"திங்கக்கிழமைதானே நான் ஓட்டல் வேலைக்கு" என்றாள் சின்னவள். "அதுவரைக்கும் என் முறைன்னு வைங்க."

"உனக்கு ஆகாதுடி அந்த நெடி."

"ரெண்டரை நாள்தானே."

நல்ல பேர் வாங்கிக்கொண்டு போகப் பார்க்கிறாளா, இல்லை மனசறிந்து சொல்கிறாளா? பெரியவள் அவள் முகத்தைத் துருவினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டுமாகவும் இருக்கலாம். தன் முந்தானையில் முடிந்திருந்த சுத்தமான துணியை எடுத்து நாலாக மடித்து, நனைத்து, சின்னவளின் மூக்கையும் வாயையும் சுற்றிப் பின்னந்தலையில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். மூச்சு முட்டினால் உடனே மேலே வந்துவிடு, வீம்பு பிடிக்காதே என்றாள். சின்னவள் படிக்கட்டில் இறங்கினாள்.

உருளைகள் சுற்ற ஆரம்பித்தன. பெரியவளுக்கு எதிரே ஜோடிக்கு ஆள் வேண்டும். யாரும் கேட்காமலே பூனை வந்து நின்றாள். சூடாக வந்த விரிப்பின் இரண்டு மூலைகளையும் சரியாகப் பிடித்தாள். உதறினாள். நடுவில் வந்து சேர்ந்தாள். ஒரு சுருக்கமில்லை. பெரியவள் அவள் கைகளைப் பார்க்கவில்லை. அவள் கண் எங்கே போகிறது என்பதையே பார்த்துக்கொண்டு அடுத்த விரிப்பைப் பிடித்தாள்.